ஹோலுக்குக் கீழால் போகும் நாலு இஞ்சி லைன்: திறந்து பார்க்கும் வாய் எங்கே வைப்பது?

கொட்டாஞ்சேனை_13 கேட்டது:

வணக்கம். வீடு கொட்டாஞ்சேனையில், நாலு பேர்ச்சுக்கும் குறைவான காணி. இரண்டு பக்கமும் அயல் வீட்டுச் சுவர். பாத்ரூம், குசினி இரண்டும் பின்னால் இருப்பதால் கழிவு முழுக்க ஹோலுக்குக் கீழால்தான் முன்பக்கம் வரவேண்டும். வாசலடியில் பழைய மேன்ஹோல் ஒன்று இருக்கிறது. அது மாநகர சபையின் சூவரேஜ் லைனோடு இணைந்தது.

இதுவரை இருந்தது பழைய மண் பைப். இப்போது மேலே ஒரு தட்டுப் போடுகிறோம், அதோடு தரையையும் கிளறி 110 மில்லிமீட்டர் பிவிசி போடப் பார்க்கிறோம். மேலே ஒரு பாத்ரூம் புதிதாக வருகிறது. கீழே இருப்பது அம்மாவுக்கு.

பின்சுவரிலிருந்து மேன்ஹோல் வரை 42 அடி. ஹோலின் முடிந்த தரைமட்டத்திலிருந்து மேன்ஹோலின் அடிக்கால்வாய் 26 இஞ்சி ஆழம். தட்டைத் தாங்க ஹோலின் நடுவில் ஒரு தூண் வருகிறது. அதன் அடித்தளம் லைனுக்குக் குறுக்கே விழுவதால், எல்போ போட்டுச் சுற்றிக்கொண்டு போகலாம் என்கிறார் பிளம்பர் பாஸ். மேல் பாத்ரூம் பைப் இறங்கும் இடத்திலும் ஒரு எல்போ போதுமாம். அடைத்தால் திறந்து சுத்தம் பண்ணும் வாய் எதுவும் வேண்டாம், வைத்தால் மணக்கும், கரப்பான் வரும் என்கிறார். பைப்பின் வாட்டம் (சரிவு) பற்றிக் கேட்டதற்கு, தண்ணீர் எப்படியும் போகும் என்று சொல்லிவிட்டார்!

மாமனார் கூரைத் தண்ணீரையும் இதே பைப்பில் விடச் சொல்கிறார். முன்னால் கான் அடிக்கடி நிரம்புகிறதாம்.

தரையில் மாபிள் ஒட்டிய பிறகு உடைக்க மனமில்லை. அதற்கு முன்னால் நான் எதை எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

மேன்ஹோல் மாமா எழுதியது:

தம்பி, உங்கள் பாஸ் நல்ல மனிதராக இருக்கலாம், பைப் ஒட்டும் கம் பூசுவதில் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் அவர் பைப்பைத் தண்ணீர் போகும் வழியாக மட்டும் பார்க்கிறார். தெமட்டகொடைப் பக்கம் காலம் முழுக்க இந்த வேலை செய்தவன் நான். லைன் கீறும்போது முதலில் பார்ப்பது, அடைத்தால் சிலாகை (அடைப்பு எடுக்கும் நீளக் கம்பி) எந்த வாயால் உள்ளே போகும், எந்த வளைவில் முட்டும் என்பதைத்தான். அது சரியாக இருந்தால் தண்ணீர் தன்பாட்டில் போகும்.

முதலில் வாட்டம். உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தேன். அடிக்குக் கால் இஞ்சி என்று எடுங்கள். 42 அடிக்கு பத்தரை இஞ்சி. வீட்டு லைன் மேன்ஹோல் கால்வாயின் அடியிலேயே போய் முட்டக் கூடாது, ஒரு இஞ்சி உயரமாக விழட்டும். அப்போது பின்சுவரடியில் பைப்பின் உள்ளடி, தரையிலிருந்து பதினாலரை இஞ்சி ஆழத்தில் இருக்கும். பைப்பின் விட்டம் நாலு இஞ்சிக்குக் கொஞ்சம் கூட, ஆகவே முதுகுக்கு மேல் பத்து இஞ்சி மிஞ்சும். அதில் மாபிள், சாந்து, கொங்கிரீட் போக அஞ்சு இஞ்சி அளவில் மணல் போடலாம். மட்டுமட்டுதான், ஆனால் போதும். அடிக்கு அரை இஞ்சி என்று யாராவது வந்தால் விடாதீர்கள். பின்னால் கொமட்டுக்குக் கீழே வளைவு போட இடமே இருக்காது. அதோடு அவ்வளவு சரிவில் தண்ணீர் முந்திப் போய்விடும், கட்டி பின்னால் தங்கிவிடும்.

இதைத் தரையில் கொண்டுவரும் விதம் சொல்கிறேன். நாலு அடி ரசமட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையின் கீழே சரியாக ஒரு இஞ்சி கனமான மரத்துண்டைக் கட்டுங்கள். மரத்துண்டு இருக்கும் முனை மேன்ஹோல் பக்கம். பைப்பின் மேல் வைத்துப் பார்க்கும்போது குமிழி நடுவில் நின்றால் நாலு அடிக்கு ஒரு இஞ்சி, அதாவது அடிக்குக் கால். பாஸ் கண்ணால் பார்த்து ஓகே என்பார், நீங்கள் இதை வைத்துப் பாருங்கள். பைப்பும் பைப்பும் சேரும் ஒவ்வொரு சொக்கட்டுக்கும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வையுங்கள். தொய்வு வருவது பெரும்பாலும் சொக்கட்டுக்குக் கீழேதான். சொக்கட் மற்ற இடத்தைவிடத் தடிப்பு, அதற்குக் கீழே கையால் சின்னக் குழி தோண்டாவிட்டால் பைப் சொக்கட்டில் மட்டும் தாங்கி நடுவில் தொங்கும். செங்கல் துண்டு, கொங்கிரீட் கட்டி வைத்து முட்டுக் கொடுப்பதைக் கண்டால் எடுத்து எறியச் சொல்லுங்கள். கீழே மணல் அல்லது கல்தூள், அதுவும் இடித்து இறுக்கியது.

இப்போது தூண். எல்போ நாலு போட்டுச் சுற்றும் யோசனையை அடியோடு விடுங்கள். படுக்கையாகப் போகும் மலக்குழாயில் 90 பாகை எல்போவே கூடாது. சிலாகை அதில் திரும்பாது, துணி ஒன்று மாட்டினால் அதோடு சரி. லைனையே தூணிலிருந்து தள்ளி, சுவரோரமாக நேராகக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். நேராக வந்தால் ஹோலுக்குள் ஒரு வாயும் தேவையில்லை, மாபிள் அப்படியே இருக்கும்.

வாய் வைக்க வேண்டிய இடங்கள். லைன் தொடங்கும் பின் முனையில் கட்டாயம் ஒன்று. கொமட் வந்து சேரும் வையோடு (Y வடிவ இணைப்பு) லைனை நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் பின்னால் நீட்டி, 45 பாகை பெண்ட் இரண்டு போட்டு மேலே தூக்கி, தரைமட்டத்தில் திருகு மூடி. பின்னால் முற்றமோ லைட்வெல்லோ இருந்தால் அதில் வாருங்கள், பாத்ரூமுக்குள் வேண்டாம். அந்த வாயிலிருந்து இறங்கும் பைப் மேன்ஹோலை நோக்கிச் சரிய வேண்டும். உள்ளே விடும் சிலாகை தண்ணீர் போகும் திசையிலேயே போக வேண்டும், அதுதான் முக்கியம். நேராகக் குத்தாக டீ (T வடிவ இணைப்பு) வைத்து மூடிவிட்டு இதுதான் வாய் என்று காட்டுவார்கள். அதில் சிலாகை எந்தப் பக்கம் போகுமென்று கடவுளுக்கே வெளிச்சம்.

இரண்டாவது, மேல் பாத்ரூம் பைப் இறங்கி வரும் அடி. மேலிருந்து விழுவதெல்லாம் அங்கேதான் வந்து அடிக்கும். ஒற்றை எல்போ போடாமல் 45 இரண்டு, நடுவில் ஒரு சாண் பைப். அதற்கு மேலே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் டோர் டீ (திறக்கும் மூடி உள்ள டீ) ஒன்று. அதை சுவருக்குள் புதைத்து மாபிள் ஒட்டக் கூடாது.

படுக்கை லைனில் எது வந்து சேர்ந்தாலும் வை மட்டும்தான், அதன் சரிவு தண்ணீர் ஓடும் பக்கம். டீயை நிமிர்ந்து நிற்கும் பைப்பில் போடுங்கள், படுக்கையில் போடாதீர்கள். கொமட்டை முதலில் வாங்குங்கள். கீழால் விடும் எஸ் ட்ராப் என்றால் பெரும்பாலும் சுவரிலிருந்து 12 இஞ்சி, ஆனால் எல்லாக் கொமட்டும் அப்படியில்லை. மேல் பாத்ரூமுக்கு பின்னால் விடும் பி ட்ராப் எடுத்தால் தட்டைத் துளைக்காமல் சுவரால் வெளியே எடுத்து நேராக இறக்கலாம், ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும். அந்த இறங்கு பைப்பை கூரைக்கு மேலும் அதே விட்டத்தில் நீட்டி, நுளம்பு வலை கட்டிவிடுங்கள். காற்று இல்லாவிட்டால் மேலே ஃப்ளஷ் பண்ணும்போது கீழே அம்மாவின் ட்ராப்பில் மணத்தைத் தடுத்து நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்புறம் மணக்கிறது என்று வாயைக் குற்றம் சொல்வார்கள்.

மாமனாருக்கு மரியாதையாகச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் இதில் கூடவே கூடாது. கொழும்பில் சூவரேஜ் வேறு, மழைக்கான் வேறு. சூவரேஜ் லைன் வெள்ளைக்காரன் காலத்தில் போடத் தொடங்கியது, முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குப் போய்ச் சேருகிறது. ஒரு பெருமழைக்கு அதில் கூரைத் தண்ணீரை ஏற்றினால் திரும்பி வரும் இடம் உங்கள் வீட்டின் மிகத் தாழ்ந்த வாய்.

கடற்கரைப் பக்கம் எழுதியது:

மாமா சொன்ன அந்த அடி வளைவுக் கதைக்கு நான் சாட்சி. நாங்கள் வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் நிலத் தட்டில் இருக்கிறோம். மேலே அஞ்சு வீட்டுப் பைப் எங்கள் குளியலறைக்குப் பக்கத்தில் இறங்குகிறது. கட்டினவர்கள் அடியில் ஒரு எல்போவைப் போட்டு, டோர் எதுவும் வைக்காமல், அழகாக சீலிங் பலகையால் மூடி மாபிள் ஒட்டிக் கொடுத்தார்கள். மேலே யாரோ ஈரத் துடைப்பான் தாள்களைக் கொமட்டில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்தது எங்கள் தரைத் துளையால். மேல் வீட்டாருக்கு ஒன்றுமே தெரியாது, அவர்கள் பாட்டுக்கு ஃப்ளஷ் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!

ஆட்கள் வந்து முதலில் கேட்டது, எங்கே திறப்பது என்றுதான். கடைசியில் மாபிளை உடைத்து, பைப்பை வாளால் அறுத்து, டோர் டீயைச் சொருகினார்கள். அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு ஃபிட்டிங் காசோடு முடிந்திருக்கும்.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். டோர் இருந்தால் மட்டும் போதாது, முன்னால் ஆள் குந்தி இருந்து சிலாகை விட இடம் வேண்டும். ஒன்றரை அடியாவது விடுங்கள். எங்கள் கட்டடத்தில் இன்னொரு பக்கம் டோர் இருக்கிறது, ஆனால் அதற்கு நேரே தண்ணீர் மோட்டர் வைத்திருக்கிறார்கள்.

சிவில் பொடியன் எழுதியது:

மேலே மாமா சொன்னதில் பெரும்பாலும் சரி. ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. சரிவு கூடினால் தண்ணீர் முந்தும், கட்டி தங்கும் என்பதைக் கொஞ்சம் பெரிதுபடுத்துகிறார்கள். மேலிருந்து இறங்கும் பைப் நிமிர்ந்தே நிற்கிறது, அதில் எதுவும் தங்குவதில்லையே. வீட்டு லைனில் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் தொய்வு, பின்வாட்டம், கூரான எல்போ, பைப்பின் உள்ளே துருத்தி நிற்கும் அறுத்த விளிம்பு. ஆனால் இந்த வீட்டில் ஆழம் இல்லாததால் கால் இஞ்சிதான் சரி, அதில் மறுப்பில்லை.

ஹோலுக்குள் வாய் தேவையில்லை என்றதற்கு ஒரு ஆதாரம். பிரித்தானிய வழிகாட்டலில் தொடக்க வாயிலிருந்து அடுத்த இன்ஸ்பெக்ஷன் சேம்பருக்கு (உங்கள் வாசல் மேன்ஹோல் மாதிரி) 45 மீட்டர் வரை விடலாம். அமெரிக்காவில் நாலு இஞ்சி லைனுக்கு 100 அடி. உங்கள் 42 அடி 13 மீட்டர்கூட இல்லை. நேராக வந்தால் தாராளம்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று: ஹோல் தரை, ரோட்டை விட உயரமா, தாழ்வா? கொழும்பில் பழைய வீடுகளுக்கு முன்னால் ரோட்டுக்கு கார்பெட் மேல் கார்பெட் போட்டே உயர்த்திவிட்டார்கள், வாசல்கள் கீழே போய்விட்டன. ரோட்டில் இருக்கும் சபையின் மேன்ஹோல் மூடி உங்கள் பாத்ரூம் தரையைவிட உயரமாக இருந்தால், அங்கே நிரம்பும் நாளில் தண்ணீர் மூடியால் வெளியே வராது, உங்கள் தரைத் துளையால்தான் வரும். அப்படியென்றால் முன் மேன்ஹோலுக்குள் ஒருவழி வால்வு வைக்க வேண்டும், அதுவும் கையால் திறந்து கழுவக்கூடிய மாதிரி. மடலில் ஒரு பொலித்தீன் துண்டு சிக்கினாலே அது மூடாது.

கொட்டாஞ்சேனை_13 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். பாத்ரூம் தரை ரோட்டு மூடியைவிட மூன்று இஞ்சி தாழ்வு. இது இதுவரை எங்கள் யாருடைய தலையிலும் ஏறவில்லை. அம்மா சொல்கிறார், பெருமழையில் பின்னால் குளுகுளு என்று சத்தம் வருவது வழக்கமாம்.

எஞ்சினியரிடம் கதைத்தேன். லைனை இடது சுவரோரம் கொண்டுபோகலாம், தூணின் அடித்தளம் தடுக்காது என்றார். ஆனால் அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது, கருங்கல் அத்திவாரம் எங்கள் பக்கம் ஒரு சாணுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதனருகே எவ்வளவு தள்ளித் தோண்டலாம்? குசினி லைனையும் இதே வையில் சேர்க்கலாமா? மூடி மணக்காது என்று பாஸை எப்படி நம்ப வைப்பது?

மேன்ஹோல் மாமா எழுதியது:

மூன்று இஞ்சி தாழ்வென்றால் பொடியன் சொன்ன வால்வு கட்டாயம். நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். சரிவு விஷயத்தில் அவனோடு சண்டைக்கு வரவில்லை, நான் கண்டதைச் சொன்னேன். முடியுமென்றால் அம்மாவின் பாத்ரூம் தரையையே கொஞ்சம் உயர்த்துங்கள். ஆனால் வாசலில் படி வைத்து வயதானவரைத் தடுக்கி விழ வைக்காதீர்கள், சரிவாகக் கொண்டுவாருங்கள். இன்னொன்று, மேல் பாத்ரூமை அந்த வால்வுக்குள் விடாமல் தனியாக மேன்ஹோலுக்கு எடுக்க இடமிருந்தால் நல்லது. வால்வு மூடியிருக்கும் நேரம் மேலே குளித்தால் அந்தத் தண்ணீர் கீழேதான் வந்து நிற்கும். இடமில்லை என்றால், மழை கொட்டும்போது மேலே தண்ணீர் பாவிக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

அத்திவாரம்: கல்லின் வெளி விளிம்பிலிருந்து ஒரு அடியாவது தள்ளுங்கள். முக்கியமானது ஆழம். கல் எவ்வளவு ஆழத்தில் முடிகிறது என்று ஒரு இடத்தில் குழி தோண்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பைப் குழி அதைவிட ஆழமாகப் போகிற இடம் வந்தால் முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் திறந்து வைக்கக் கூடாது. அஞ்சாறு அடி தோண்டு, பைப் வை, மூடி இடி, அடுத்த துண்டுக்குப் போ. எஞ்சினியரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். மழை நாளில் வேண்டவே வேண்டாம். அயலாரோடு நல்ல முகத்தோடு முன்கூட்டியே கதைத்துவிடுங்கள், சுவரில் ஏற்கனவே இருக்கும் வெடிப்புகளைப் படம் எடுத்து வையுங்கள்.

குசினியை நேராகச் சேர்க்காதீர்கள். சின்க்கிலிருந்து இரண்டு இஞ்சி பைப்பில் வந்து, முதலில் எண்ணெய் பிடிக்கும் ஒரு சின்ன தொட்டி, அதிலிருந்து கல்லி ட்ராப் (தண்ணீர் நின்று மணத்தைத் தடுக்கும் தரை வாய்), அதன் பிறகு வை. நம் ஆட்களின் குசினித் தண்ணீரில் தேங்காய்ப்பால் கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் பருப்புத் தண்ணீரும் சேர்ந்து, நாலு இஞ்சி பைப்பின் உள்ளே சவர்க்காரம் போல் ஒட்டும். தொட்டியின் மூடியைக் கை எட்டும் இடத்தில் வைத்து அடிக்கடி வழித்துக் குப்பையில் போடுங்கள். அது அசிங்கமான வேலை என்பதால்தான் எல்லோரும் தொட்டியே வேண்டாம் என்கிறார்கள்.

மணம் பற்றி: ஒழுங்காக மூடிய திருகு மூடியால் மணம் வராது. ரபர் வளையம் உள்ள மூடியாக வாங்குங்கள், புரிக்குக் கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள், கம் பூசி ஒட்ட விடாதீர்கள். கம் பூசின மூடி சுவர்தான், வாய் இல்லை! மூடியைத் தரைக்குக் கீழே இரண்டு இஞ்சி தாழ்த்தி, மேலே சட்டம் உள்ள தகட்டு மூடி போட்டால் காலில் தட்டாது. பழைய சோனகத் தெருவில் எந்த ஹார்ட்வெயார் நானாவிடம் போனாலும் டோர் டீ, 45 பெண்ட், வை எல்லாம் கேட்ட உடனே எடுத்துத் தருவார்கள். பைப்பை டைப் 600 என்று கேளுங்கள். மெல்லிய பைப் விலை குறைவு, ஆனால் தரைக்குக் கீழே போடுவதில் அந்த மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஹெக்சோவால் அறுத்ததும் உள் விளிம்பில் பிசிறு நிற்கும், அதைக் கத்தியால் வழித்து, வெளி விளிம்பை அரத்தால் சாய்த்து, துணியால் துடைத்த பிறகே கம். இதை அநேகர் செய்வதில்லை. முடியும் துணியும் முதலில் மாட்டுவது அந்தப் பிசிறில்தான்.

சபையின் லைனில் கைவைக்கும் வேலை உங்கள் பாஸுடையது இல்லை. மேன்ஹோலிலிருந்து ரோட்டுப் பக்கம் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் மாநகர சபையில் கேட்டுத்தான்.

கொட்டாஞ்சேனை_13 எழுதியது:

பாஸிடம் எல்லாம் சொன்னேன். 45 இரண்டு போடச் சம்மதம். டோர் டீக்கும் சம்மதம். பின் முற்றத்து வாய்க்கு மட்டும் முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். கொங்கிரீட் போடுமுன் சோதிப்பது எப்படி? எவ்வளவு நேரம்?

மேன்ஹோல் மாமா எழுதியது:

மேன்ஹோல் பக்க முனையை ரபர் பிளக்கால் அடையுங்கள். கொமட், தரைத் துளை வரும் வாய்களையும் அடைத்துவிட்டு, பின் வாயில் ஒரு துண்டுப் பைப்பைத் தற்காலிகமாக நிமிர்த்தி வைத்து, பைப்பின் அடியிலிருந்து ஒரு அஞ்சடி உயரம் வரும்வரை தண்ணீர் நிரப்புங்கள். கம் பூசி ஒரு நாளாவது போன பிறகு செய்யுங்கள். ஒரு மணித்தியாலம் நிற்கட்டும், குறைந்திருந்தால் திரும்ப நிரப்பி, பைப்பில் மார்க்கரால் கோடு போட்டு அரை மணித்தியாலம் பாருங்கள். கோடு இறங்கினால் ஒவ்வொரு மூட்டாகக் கையால் தடவிப் போங்கள், ஈரம் காட்டிக்கொடுக்கும். பிறகு பிளக்கைச் சடாரென்று இழுங்கள், மேன்ஹோலில் எப்படிப் பாய்கிறது என்று பாருங்கள். தண்ணீர் நின்ற பிறகு பின் வாயால் டோர்ச் அடித்தால், தொய்வு உள்ள இடத்தில் தண்ணீர் மினுங்கும்.

அளவு நாடாவைச் சுவரிலிருந்து பைப் வரை பிடித்து, ஒவ்வொரு வளைவையும் படம் எடுங்கள். அதில் இரண்டு படத்தை இங்கேயும் போடுங்கள், பார்க்கிறேன். மணல் மூடி முடியும்வரை பாஸுக்கு மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.